திருநாளைத் திருத்திய நாடு

எண்ணூர் விரைவுச் சாலையில் இரவென்றும் பகலென்றும் இல்லாமல் சரக்குப் பெட்டக லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. அந்தப் பெட்டகங்களின் மேலுள்ள எழுத்துகளைக் கூட்டிப் படித்தே அயல்நாட்டுப் பெயர்களைக் கற்றுக்கொள்கின்றனர் திருவொற்றியூர்ச் சிறுவர்கள். நீலக் கட்டத்துக்குள் வெண்ணிற விண்மீன் பொறித்த பெட்டகங்கள் அவற்றுள் பல. ‘மெர்ஸ்க்’ என்பது அவற்றின் பெயர். 1904-ஆம் ஆண்டு டென்மார்க்கில் பிறந்த கப்பல் நிறுவனம் அது; இன்று உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களுள் ஒன்று. அந்நாட்டின் மக்கள்தொகையோ ஏறத்தாழ அறுபது இலட்சம். நம் சென்னைப் பெருநகரின் மக்கள்தொகையைவிடக் குறைவு!

இராயபுரத்திலும் காசிமேட்டிலும் பிறந்து, கப்பற் பணிக்கும் பொறியியற் பணிக்குமாகக் கடல் கடந்து செல்லும் இளைஞர்கள் இன்று பலர். கோபன்ஹேகன் நகரைக் கண்டு திரும்புவோர் கதை கதையாகச் சொல்லுவர். துறைமுகப் பாறை மீது 1913 முதல் அமர்ந்திருக்கும் கடற்கன்னியின் சிலையைச் சொல்லுவர். 1843-இல் திறக்கப்பட்டு இன்றும் ஒளிவீசும் டிவோலி பூங்காவைச் சொல்லுவர். மார்கழிக் குளிரிலே வீடுதோறும் ஏற்றப்படும் மெழுகுவத்திகளைச் சொல்லுவர். கேட்பவர் வியப்பர். வியப்பது தீதன்று. வியப்போடு நின்றுவிடுவதே தீது! அந்த விழாக்கள் எங்கிருந்து வந்தன, எப்படி மாறின, அவற்றை மாற்றியவர் யார் என்று கேட்பதன்றோ பகுத்தறிவு? அந்தக் கேள்வியைத்தான் இக்கட்டுரையில் நாம் கேட்கிறோம்.

டென்மார்க் நமக்கு முன்பின் தெரியாத நாடும் அன்று. 1620 முதல் 1845 வரை, இருநூற்று இருபத்தைந்து ஆண்டுகள், தமிழகக் கடற்கரையில் ஓர் ஊர் அவர்கள் கையிலிருந்தது. அவ்வூர் தரங்கம்பாடி.

பொன்னோலை பெற்ற மன்னன்

1616-இல் டேனியக் கிழக்கிந்தியக் குழுமம் தோன்றிற்று. 1618-இல் நான்காம் கிறித்தியான் மன்னன், ஓவே கெட்டே என்ற இளங் கடற்படைத் தலைவனை இலங்கைக்கு அனுப்பினான். இலங்கையில் எண்ணியது ஈடேறவில்லை. கப்பல்கள் தஞ்சைக் கரைக்குத் திரும்பின. 1620 நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்பாடு ஏற்பட்டது. நாயக்கர் டேனிய மன்னனுக்கு விடுத்த பொன்னோலை கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. மிளகு வாங்க வந்தவர்கள் கோட்டை கட்டினார்கள். டான்சுபோர்க் என்னும் அக்கோட்டை தரங்கம்பாடிக் கடலோரத்தில் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது.

கப்பல் அனுப்பிய அந்தக் கிறித்தியான் மன்னன் யார்? இங்கேதான் வரலாறு சுவையூட்டுகிறது, சுடவும் செய்கிறது. கோபன்ஹேகனில் இன்று பயணிகள் ஏறிப் பார்க்கும் வட்டக் கோபுரத்தைக் கட்டியவன் அவனே. விண்மீன்களை ஆராய்வதற்காக 1642-இல் கட்டி முடிக்கப்பட்ட வானாய்வுக்கூடம் அது. அறிவுக்குக் கோபுரம் கட்டிய அதே கை, 1617-இல் வேறோர் ஆணையிலும் கையெழுத்திட்டது. சாத்தானோடு உடன்படிக்கை செய்துகொண்ட சூனியக்காரர்களை நெருப்பிலிட வேண்டும் என்பது அந்த ஆணை!

பால் கெட்டுப்போனால் சூனியம். பசு மடிந்தால் சூனியம். புயலிலே கப்பல் திசைமாறினால் சூனியம். அண்டைவீட்டுக் கிழவி முணுமுணுத்தால் சூனியம்! அந்த அச்சக் காலத்தில் டென்மார்க்கில் கொல்லப்பட்டோர் ஏறத்தாழ ஆயிரம் பேர் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. அவர்களுள் மிகப் பலர் பெண்கள், ஏழைகள், துணையற்றவர்கள். சட்டப்படி நடந்த கடைசிக் கொலை 1693-இல். ஆன் பல்லஸ் என்னும் மூதாட்டியின் தலையைத் துண்டித்து, உடலை எரித்தனர்.

ஒருபுறம் வானை அளக்கும் கோபுரம். மறுபுறம் மனிதரை எரிக்கும் தழல். மேல்நாட்டார் பிறவியிலேயே அறிவாளிகள் என்று நம்பி வாய்பிளப்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும். நம்மவர் பிறவியிலேயே மூடர் என்று நொந்துகொள்வோரும் எண்ணிப் பார்க்கட்டும். அறிவு எந்த இனத்துக்கும் சீதனமாக வந்ததில்லை. போராடிப் பெற்றவர்களிடமே அது இருக்கிறது.

எரிப்பது பொம்மை; எரிந்தது பெண்

ஆண்டுதோறும் சூன் 23-ஆம் நாள் மாலை டேனியர் கடற்கரைகளிலும் ஏரிக்கரைகளிலும் கூடுகின்றனர். விறகை மலைபோல் குவித்துத் தீ மூட்டுகின்றனர். பாடுகின்றனர், பேசுகின்றனர், களிக்கின்றனர். புனித ஆன்சு மாலை என்பது அதன் பெயர். கோடை நடுவில் நெருப்பு மூட்டும் வழக்கம் பழையது. அதன் உச்சியிலே கந்தல் உடுத்திய சூனியக்காரிப் பொம்மையை வைத்து எரிக்கும் வழக்கமோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பரவிற்று. பட்டாசு மறைத்த பொம்மை ‘வீல்’ என்று கத்தும், குழந்தைகள் கைகொட்டும்.

விளையாட்டுத்தான். ஆயினும், “ஆயிரம் பேரை உண்மையாகவே கொன்ற நாட்டில் இந்தப் பொம்மை எதற்கு?” என்று கேட்கும் டேனியரும் உண்டு. பொம்மையில்லாமல் நெருப்பு மட்டும் மூட்டும் இடங்களும் உண்டு. நரகாசுரன் கொல்லப்பட்ட நாளில் எண்ணெய் முழுக்கு எதற்கு என்று தமிழகத்துப் பகுத்தறிவாளர் எழுப்பிய கேள்வியை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். நரகன் புராணத்துப் பாத்திரம். ஆன் பல்லசோ உயிரோடு உலவிய கிழவி. இருப்பினும் கேள்வி ஒன்றே: கொல்லப்பட்டவர் யார்? கொண்டாடுவது ஏன்?

தை பிறக்குமுன் போகியன்று நாமும் எரிக்கிறோம். வடசென்னைத் தெருக்களில் பழைய பாயோடு டயரும் நெகிழியும் எரிந்து, ஆலைப் புகையே போதாதென்று அதன்மேல் இன்னொரு புகையைப் போர்த்துகிறது. பழையன கழிக்கும் நாளில் பச்சிளம் குழந்தையின் மூச்சைக் கழிப்பதா? தீ மூட்டுவது எளிது. எதை எரிப்பது என்று தேர்ந்தெடுப்பதே அறிவு.

ஆதியில் இல்லாத மரம்

டேனியரின் பெருவிழா கிறித்துமசு. டிசம்பர் 24 மாலையில் குடும்பமே கூடுகிறது. விளக்கேற்றிய மரத்தைச் சுற்றிக் கைகோத்து ஆடிப் பாடுகின்றனர். பாலும் பாதாமும் கலந்த குளிர்ந்த அரிசிப் பாயசம் பரிமாறுகின்றனர். முழுப் பாதாம் பருப்பு ஒன்று அதிலே மறைந்திருக்கும். யார் வாயில் அகப்படுகிறதோ அவருக்குப் பரிசு. அகப்பட்டவர் காட்டிக்கொள்ளாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு மற்றவரைத் தின்னவைப்பதும் விளையாட்டில் ஒரு பகுதி!

இந்த மரம் ஏசுநாதர் காலத்திலிருந்து வந்த மரபோ? அன்று. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமானிய நாட்டிலிருந்து டென்மார்க்குக்கு வந்த புதுவழக்கம். தரங்கம்பாடியிலே கோட்டை கட்டிய டேனியனுக்கு அப்படியொரு மரம் இருந்ததே தெரியாது! திருநாளை அவர்கள் அழைக்கும் ‘யூல்’ என்னும் பெயரோ, கிறித்தவம் அந்நாட்டில் கால் வைக்குமுன் குளிர்கால நடுவில் கொண்டாடிய பழைய விழாவின் பெயர். பெயர் ஒரு காலத்தது, மரம் ஒரு காலத்தது, மதம் ஒரு காலத்தது. மூன்றும் சேர்ந்தது இன்றைய திருநாள். “தொன்றுதொட்டு வருவது, தொடாதே!” என்று மிரட்டுவோர் எந்நாட்டிலும் உண்டு. தொன்று என்றைக்குத் தொடங்கிற்று என்று கேட்டால் மட்டும் அவர்களிடம் விடை இல்லை.

இன்னொன்று பாருங்கள். 1902-இல் துருண்டோல்ம் என்னும் சதுப்பு நிலத்தில் ஒரு வெண்கலத் தேர் கிடைத்தது. குதிரையொன்று சூரியனை இழுத்துச் செல்கிறது. ஏறத்தாழ 3400 ஆண்டுப் பழமையுடையது. நம் நாட்டில் சூரியனுக்கு ஏழு குதிரை; அவர்களுக்கு ஒரு குதிரை! அவர்கள் அந்தத் தேரைத் தேசிய அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கின்றனர். முன்னோர் கற்பனையைப் போற்றுகின்றனர். ஆனால் சூரியன் எப்படி நகர்கிறது என்று அறிய அதனிடம் போவதில்லை. ஓடின், தோர் என்ற பழைய தெய்வங்களும் கிழமைப் பெயர்களில் மட்டும் வாழ்கின்றன. புதன் ஓடினுடையது, வியாழன் தோருடையது. அத்தெய்வங்களுக்காக இன்று வழக்குமில்லை, வெட்டுமில்லை. பழமைக்கு உரிய இடம் அருங்காட்சியகம் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமோ?

நோன்புக்கு முந்திய விழாவிலே ஒரு பீப்பாயைத் தொங்கவிட்டுக் குழந்தைகள் தடியால் அடித்து உடைப்பர். இன்று உள்ளே இருப்பது மிட்டாய். முன்பு இருந்தது உயிருள்ள கரும்பூனை! தீமையை விரட்டுவதாக நம்பி அந்த வாயில்லா உயிரை வதைத்தனர். பூனை போயிற்று, மிட்டாய் வந்தது. பீப்பாயை உடைப்பவனுக்குப் ‘பூனையரசன்’ என்ற பட்டம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. விழா குறைந்ததா? இல்லை, வளர்ந்தது. கொடுமையை நீக்கினால் கொண்டாட்டமே அழிந்துபோகும் என்று அலறுவோருக்கு அந்தப் பூனையரசன் விடை சொல்வான்.

எடுக்கப்பட்ட விடுமுறை

டென்மார்க்கில் ‘பெருவேண்டுதல் நாள்’ என்று ஒரு விடுமுறை இருந்தது. பல சிறு வேண்டுதல் நாள்களை ஒன்றாக்கி, 1686-இல் ஏற்படுத்தியது. அன்று அடுமனைகள் திறக்கக் கூடாது. ஆகவே முதல்நாள் மாலையே கோதுமை அப்பம் வாங்கிச் சூடாக்கி உண்பது வழக்கமாயிற்று. காலப்போக்கில் வேண்டுதல் குறைந்தது, அப்பம் நிலைத்தது!

2023 பிப்ரவரியில் டேனியப் பாராளுமன்றம் அந்த விடுமுறையை நீக்கிச் சட்டம் இயற்றியது. 2024 முதல் அது வேலை நாள். முந்நூறாண்டுத் திருநாள் ஒரு வாக்கெடுப்பில் முடிந்தது. வானம் இடிந்து விழவில்லை, பயிர் கருகவில்லை.

ஆனால் தோழர்களே, கைதட்டுமுன் சற்றே பொறுங்கள். விடுமுறை நீக்கப்பட்டது பகுத்தறிவின் பொருட்டன்று. உக்ரைன் போருக்குப் பின் படைச்செலவைப் பெருக்க விரும்பிய அரசு, மக்கள் ஒருநாள் கூடுதலாக உழைத்தால் வருவாய் பெருகும் என்று கணக்கிட்டது. ஆகவே, எதிர்த்தோர் பாதிரிமார் மட்டுமல்லர், தொழிற்சங்கங்கள் திரண்டன. அதே பிப்ரவரியில் பல்லாயிரவர் பாராளுமன்றத்தின் முன் கூடினர். “எங்களைக் கேளாமல் எங்கள் ஓய்வை எடுக்க நீங்கள் யார்?” என்பதே அவர்கள் வினாவின் சாரம்.

ஆலைச் சங்கு ஒலிக்கக் கேட்டு வளர்ந்த நம் வடசென்னைக்கு இந்த வினா நன்றாகப் புரியும். திருநாளின் புராணம் வேறு. உழைப்பாளியின் ஓய்வு வேறு. முன்னதை ஆராய்ந்து தள்ளலாம். பின்னதைத் தள்ள எவருக்கும் உரிமையில்லை. 1923 மே முதல் நாளில் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினாரே, அந்தத் திருநாளை எந்தப் புராணம் தந்தது? எந்தத் தேவன் அருளினான்? உழைப்பவர் தாமே உண்டாக்கிய திருநாள் அது. திருநாளை நீக்கவும் மனிதனால் முடியும். ஆக்கவும் மனிதனால் முடியும்.

நம் கரையில் அவர்கள் செய்ததும் செய்யாததும்

தம் நாட்டுப் பழக்கத்தைத் திருத்திக்கொண்டவர் நம் நாட்டுக்கு வந்தபோது என்ன செய்தனர்?

1706 சூலை 9-இல் டேனிய மன்னன் நான்காம் பிரெடரிக் அனுப்ப, சீகன்பால்கு என்னும் செருமானிய இளைஞர் தரங்கம்பாடியில் இறங்கினார். மணலில் எழுத்தெழுதும் சிறுவரோடு அமர்ந்து தமிழ் கற்றார். பெண்களுக்குப் பள்ளி திறந்தார். அச்சுப்பொறி வந்தது, 1714-இல் தமிழில் புதிய ஏற்பாட்டின் அச்சு தொடங்கிற்று. அவரைச் சிறையிலிட்டவரும் டேனியரே! தரங்கம்பாடித் தளபதி 1708-இல் அவரை நான்கு திங்கள் கோட்டைக்குள் அடைத்தான். தமிழரின் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1713-இல் ஆலே நகருக்குப் போயிற்று. பிறமதத்தை ஒழிக்க அனுப்பினோமேயன்றி அதை ஐரோப்பாவில் பரப்ப அன்று என்று கருதிய பெரியவர்கள் அச்சிட மறுத்தனர். 1867-இல்தான் அந்நூல் அச்சேறிற்று. அதுவும் நம் சென்னையில்!

1714-இல் அவர் ஐரோப்பா சென்றபோது உடன் சென்றவன் மலையப்பன் என்னும் தமிழ் இளைஞன். 1716-இல் ஆலேயில் இலத்தீன் மொழியில் தமிழ் இலக்கணம் வெளிவந்தது. நூலின் முகப்பில் சீகன்பால்கு பெயர் நிற்கிறது. அருகிருந்து ஒலித்த தமிழ் நாவை நினைப்போர் சிலரே. இன்று கோபன்ஹேகன் சென்று படம் அனுப்பும் இளைஞர்களுக்கு, முந்நூறாண்டுக்கு முன் அக்குளிரை அறிந்த முன்னோடி அவன்.

அந்த முயற்சி சென்னைக்கும் வந்தது. 1726-இல் சுல்சு பாதிரியார் இங்கு வந்து பள்ளி தொடங்கினார். அவருக்குப் பின் வந்தவர் பாப்ரிசியசு. 1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தபோது அவர் ஒதுங்கியது, எண்ணூருக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டில். அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1779-இல் வேப்பேரியில் அச்சாயிற்று.

அச்சு தந்தார்கள், அகராதி தந்தார்கள், பள்ளி தந்தார்கள். நன்றி மறப்பது நன்றன்று. ஆனால் சாதி? 1718-இல் தரங்கம்பாடியில் எழுந்த புதிய எருசலேம் கோவிலின் முகப்பில் டேனிய மன்னனின் முத்திரை மின்னிற்று. உள்ளேயோ சாதிக்கொரு பக்கம், சாதிக்கொரு வரிசை! 1733-இல் ஆரோன் முதல் தமிழ்ப் பாதிரியாராகத் திருநிலை பெற்றார். ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்து, தஞ்சைப் பகுதியில் அயராது உழைத்த இராசநாயக்கனுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. மேற்சாதிக் கிறித்தவர் அவர் கையால் நற்கருணை ஏற்க மாட்டார்கள் என்பதே தடை. மதம் மாறிற்று, மனம் மாறவில்லை. சாதியை எதிர்க்கத் துணியாத மறுமலர்ச்சி, பாதி வழியில் நின்ற பயணம்!

வாணிகமோ இன்னும் கொடிது. சோழமண்டலக் கரையில் நெய்த துணிகள் ஐரோப்பாவுக்குப் போயின. அங்கிருந்து ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், மனிதரை விலைக்கு வாங்கும் பண்டமாயின. அவ்வாணிகத்தில் டேனியருக்கும் பங்கு உண்டு. மேற்கிந்தியத் தீவுகளில் அவர்களுடைய கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் மாண்டனர். நம் திருவொற்றியூரின் காலாடிப்பேட்டையே, 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராயிருந்த காலெட் நெசவாளருக்காக ஏற்படுத்திய பேட்டை. நூல் நூற்று நெய்த தமிழனுக்கு, அத்துணி எந்தக் கரையில் யாருக்கு விலையாகும் என்று யார் சொன்னார்? 1792-இல் டேனிய அரசு கடல் கடந்த அடிமை வாணிகத்துக்குத் தடை விதித்தது. அது 1803-இல் நடைமுறைக்கு வந்தது. அடிமைமுறையோ 1848 வரை நீடித்தது. அவ்வாண்டு சூலை 3-இல் செயிண்ட் குரோய் தீவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பின்னரே ஆளுநர் விடுதலை அறிவித்தார். அரசன் அருளால் வந்த விடுதலையன்று. அடிமை எழுந்ததால் வந்த விடுதலை!

1845-இல் தரங்கம்பாடியும் வங்கத்துச் செராம்பூரும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. ஊரை விற்றார்கள், ஊராரைக் கேட்கவில்லை.

மாற்றிய மருந்து

சூனியத் தழலை அணைத்த மருந்து எது? பூனையை விடுவித்த கை எது? பள்ளிக்கூடம்! ஆசிரியப் பணியில் இருக்கும் நமக்கு டேனிய வரலாற்றில் மிகவும் பிடித்த ஆண்டு 1814. ஏழு அகவை நிறைந்த குழந்தைகள் அனைவருக்கும் கட்டாயக் கல்வி என்று அந்நாடு சட்டம் செய்த ஆண்டு. அதற்கு முன் 1788-இல், பிறந்த பண்ணையை விட்டு உழவன் அகலக் கூடாது என்ற தளையை அறுத்தனர். உழவன் மகனுக்குக் காலும் கிடைத்தது, கண்ணும் கிடைத்தது. நம் நாட்டில் கட்டாய இலவசக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010-இல்! இடைவெளி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள். மனுவின் பெயரால் கல்வியை மறுத்த நாட்டுக்கு வரலாறு விதித்த தண்டம் அது.

குருண்ட்விக் என்னும் அறிஞரின் கருத்தைப் பின்பற்றி, 1844-இல் ரோடிங் என்னும் ஊரில் முதல் மக்கள் கல்லூரி எழுந்தது. தேர்வில்லை, பட்டமில்லை, உழவர் பிள்ளைகள் கூடி வாழ்ந்து, பாடி, பேசி, விவாதித்துக் கற்றனர். கற்றவர் சும்மா இருப்பரோ? 1882 முதல் கூட்டுறவுப் பால் பண்ணைகளைத் தாமே நடத்தினர். அந்தக் கல்லூரிக் கருத்தை நெஞ்சில் ஏந்தி 1909-இல் தமிழகம் வந்தவர் ஆன் மேரி பீட்டர்சன் என்னும் டேனிய அம்மையார். பரங்கிப்பேட்டையில் அவர் நிறுவிய பெண்கள் பள்ளியாகிய சேவா மந்திருக்கு 1921-இல் காந்தியார் அடிக்கல் நாட்டினார். அம்மையார் 1951-இல் மறையும் வரை இந்த மண்ணிலேயே வாழ்ந்தார். கோட்டை கட்டிய டேனியர் போய்விட்டனர். பள்ளி கட்டிய டேனியப் பெண் தங்கிவிட்டார்.

கடல் கடந்து செல்லும் நம் இளைஞர்களே! மெழுகுவத்தியின் அழகைக் காணுங்கள், பாயசத்தைச் சுவையுங்கள், மரத்தைச் சுற்றி ஆடுங்கள். ஆனால் திரும்பி வரும்போது மெழுகுவத்தியை மட்டும் கொண்டுவராதீர்கள். ஒவ்வொரு பழக்கத்தையும் மூன்று கேள்விகளால் அளக்கும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள்: இதை ஆக்கியவர் யார்? ஆக்கிய காலம் எது? இதனால் நோகிறவர் யார்?

மூன்றாவது கேள்வியே முதன்மையானது. தரங்கம்பாடிக் கோவிலில் அதைக் கேட்க மறந்ததால் இராசநாயக்கன் வாயிலில் நின்றார். தன் நாட்டில் அதைக் கேட்டதால் டேனியன் தழலை அணைத்தான். நம் தெருவில், நம் வீட்டில், நம் திருநாளில் அதைக் கேட்க வேண்டியவர் நாம்.